உசிரு காலேஜில் ஒரு கரடி வீடு

எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த அன்று அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாமா என்பதுதான். ஆணி என்றாலே எனக்கு ஆகாது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு கட்டி வாடகைக்கு விடுகிற எல்லாருக்கும் உள்ள வியாதி இது. ஆசிரமத்துக்காக வருகிறவர்கள் சாமி படம், மணிமாலை, கொசுவலை என்று சுவரெல்லாம் குத்திவிட்டு, ஞானம் வந்தோ வராமலோ ஊருக்குக் கிளம்பும்போது ஓட்டைகளை மட்டும் நமக்கு விட்டுப்போவார்கள். ஆனால் கேட்டவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று என்றேன். ஒன்று போதும் என்றார்.

சாமி படம்தான் மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு காபியோடு மேலே போனேன். மாட்டியிருந்தது ஒரு கட்டடத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வட்டமாக ஒரு வெள்ளைச் சுவர். அதற்கு நடுவிலிருந்து ஒற்றைத் தூணில் குடையாக விரிந்த கான்கிரீட் கூரை. சுவருக்கு வெளியே, அதைச் சுற்றிக்கொண்டே சரிவாக மேலே ஏறும் நடைபாதை. கம்பி இல்லை, ஜன்னல் இல்லை, ஒரு பூவேலைகூட இல்லை.

"கல்யாண மண்டபமாம்மா?" என்று கேட்டேன்.

"கரடி வீடு," என்றார். "ஜூல கட்டினது. நான்தான் வரைஞ்சேன்."

"உசிரு காலேஜுலயா?"

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் சிரித்தார், பாருங்கள், காபி தளும்பிப் புடவையில் கொட்டுகிற அளவுக்கு. எங்கள் பக்கத்து ஜனங்கள் பட்டணம் பார்க்கப் போனால் இரண்டு காலேஜ் பார்த்துவிட்டு வருவார்கள். மிருகங்கள் உயிரோடு இருக்கிற இடம் உசிரு காலேஜ். செத்ததைப் பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிற மியூசியம் செத்த காலேஜ். எவர் வைத்த பெயரோ தெரியாது. நான் வேலூருக்குப் படிக்கப் போகிறேன் என்றதும், அடி அண்ணாமலையில் எங்கள் தெருக்காரர் ஒருவர், "எந்தக் காலேஜும்மா, உசிரா செத்ததா?" என்று அக்கறையாகத்தான் விசாரித்தார். நான் படித்து முடித்து, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் ஃபைல் தள்ளி, ரிட்டயர் ஆகும்வரை என் வீட்டுக்காரர் இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

சிரித்து முடித்ததும் படத்தைத் திரும்பப் பார்த்தேன். "கரடி எங்கம்மா?"

"கரடி வர்றதுக்கு முன்னாடி எடுத்த படம். வந்துட்டா தரை அழுக்காயிடும்னு போட்டோகிராஃபர் சொன்னார்."

"நல்லா இருக்குது. பொண்ணு இல்லாம கல்யாண ஆல்பம் போட்ட மாதிரி," என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. நான் வழக்கம்போல அதைக் கவனிக்காமல் தம்ளரை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

அவரை நாங்கள் மாடியம்மா என்றுதான் கூப்பிட்டோம். கட்டடம் வரைகிற வேலையில் பட்டணத்தில் பெரிய ஆளாக இருந்தவர். அந்தக் காலத்தில் அவருடைய ஆபீஸில் அவர் ஒருவர்தான் பெண். ஆஸ்பத்திரி, பாலம் எல்லாம் ஆண்களுக்குப் போனபின், மிச்சமிருந்த கரடி வீட்டை, "நீ பண்ணும்மா" என்று சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறார்கள். இவர் கட்டியது வெளிநாட்டுப் புத்தகத்திலெல்லாம் வந்துவிட்டது. சிரித்தவர்களுடைய பாலத்தை எவனும் படம் எடுக்கவில்லை. இதை நான் கதையை மூன்று பங்கு பெரிதாக்கி, கீரை வாங்குகிற இடத்திலும் ரேஷன் கடையிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டு மாடியில் இப்படி ஒருவர் குடியிருக்கிறார் என்பதில் எனக்கு இருந்த கர்வம், அவருக்கே இருந்திருக்காது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா பிள்ளைகள் வெளிநாட்டில். இங்கே வருகிற பலரைப் போல ஆசிரமத்தில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்ததும் குறைவு. காலையில் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு மலையைப் பார்ப்பார். "இத யாரும் வரையல, அதான் நல்லா இருக்கு," என்பார். அவர் கட்டிய நூலகம், சினிமா தியேட்டர், பஸ் டிப்போ என்று ஒவ்வொன்றாக இடித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அவர் போனுக்குப் படம் அனுப்புவார். செங்கல் குவியலும் ஜேசிபியும் இருக்கும். சாவுச் செய்தி காட்டுவதுபோல அதை என்னிடம் காட்டுவார். கரடி வீடு மட்டும்தான் மிச்சம்.

போன தை மாதம் பட்டணத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். முப்பது வயதிருக்கும், தாடி, தோளில் துணிப்பை. பழைய கட்டடங்களை இடிக்காமல் பாதுகாக்கிற குழு ஒன்றில் இருக்கிறாராம். வாசலிலேயே மாடியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கோயிலுக்கு வந்தவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இட்லி கொடுத்தேன். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதனால் இன்னும் பிடித்தது.

விஷயம் இதுதான். உயிரியல் பூங்காக்காரர்கள் கரடி வீட்டின் கூரையையும் பாதிச் சுவரையும் இடித்து, உள்ளே சுவரோரமாக ஓடுகிற அகழியை மூடி, பின்னால் கிடக்கிற காலி இடத்தையும் சேர்த்து, மண் கொட்டி மரம் நட்டு, கரடிக்குப் பெரிய இடமாக ஆக்கப் பார்க்கிறார்கள். இந்தத் தம்பியின் குழு கூடாது என்கிறது. இரண்டு பக்கமும் பேசிப் பேசி ஓய்ந்து, வரைந்தவரே உயிரோடு இருக்கிறாரே, அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது.

"நீங்க தொடக் கூடாதுனு சொல்லிட்டா அவங்களால ஒரு கல்லை எடுக்க முடியாதும்மா. போன்ல ரெண்டு வார்த்தை பேசுங்க, நான் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

"கரடி எத்தன இருக்கு?" என்று கேட்டார் மாடியம்மா.

"ஒண்ணுதாம்மா. பொட்டைக் கரடி. ரொம்ப வயசாயிடுச்சு, வேற ஊருக்கு அனுப்பினா தாங்காதாம். எப்படியும் இன்னும் கொஞ்ச நாள்தான்." இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. கெட்ட மனசில்லை. "அதுக்கப்புறம் கட்டடத்த அப்படியே சுத்தம் பண்ணி காட்சிக்கூடமா வச்சிடலாம். உங்க டிராயிங் எல்லாம் அங்க மாட்டலாம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப உசிரு காலேஜ செத்த காலேஜு ஆக்கிடலாம்னு சொல்லுங்க," என்றேன், இட்லித் தட்டை வாங்கிக்கொண்டே. தம்பிக்குப் புரியவில்லை. மாடியம்மாவுக்குப் புரிந்தது. அவர் முகம் தொங்கிப்போனதை இந்த முறை நான் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்றேம்ப்பா," என்று அனுப்பிவிட்டார்.

யோசித்தார், யோசித்தார், மாசி வந்துவிட்டது. தம்பி வாரா வாரம் என் போனுக்குக் கூப்பிடுவார். நான் மேலே போய் அவருக்காக வாதாடுவேன். மாடியம்மா கட்டியதில் ஒன்றாவது நிற்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். பேப்பரில் அவர் படம் வரும், அது என் வீட்டு மாடியில் எடுத்த படமாக இருக்கும் என்ற ஆசையும் கூடவே இருந்தது. இரண்டில் எது ஜாஸ்தி, எது கம்மி என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இதுல யோசிக்க இன்னாம்மா இருக்குது? நிக்கட்டும்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"அதுக்கு மண்ணு வேணும்மா."

"அது இன்னிக்கோ நாளைக்கோனு கெடக்குது. கட்டடம் நிக்குமில்ல? உங்க பேரு நிக்குமில்ல?"

அவர் மலையைப் பார்ப்பார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வருவேன். கீழே என் வீட்டுக்காரர், "அவங்க கட்டடம், அவங்க கரடி. உனக்கு இன்னாத்துக்கு ஊரு வம்பு?" என்பார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் வாயை அடைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையது.

சித்திரையில் ஒரு நாள் நானும் மாடியம்மாவும் கோயிலுக்குப் போனோம். கிளம்பவே நேரமாகிவிட்டது. தரிசனம் முடித்து வெளிப்பிராகாரத்துக்கு வரும்போது உச்சி வெயில். அந்த நேரத்தில் எங்கள் கோயில் கல்லில் வெறுங்காலோடு நடப்பது எப்படி என்று நடந்தவர்களுக்குத் தெரியும். தேங்காய் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்திருப்பார்கள், அதைவிட்டு ஓரடி விலகினாலும் ஆட்டம் போட வேண்டியதுதான். வெளியூர்க் கூட்டம் ஐயோ அப்பா என்று குதித்துக்கொண்டு ஓடியது. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு விரிப்பின் மேல் விறுவிறு என்று நடந்தேன். மாடியம்மா கையைப் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைப்பு. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

விரிப்பை விட்டு இறங்கி, கல்லில் நின்றுகொண்டிருந்தார். குதிக்கவில்லை, காலை மாற்றிக்கூட வைக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லுல நின்னுக்கினு இருக்கீங்கம்மா. இங்க வாங்க."

வரவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதும் காலை ஊன்றிக்கொண்டார். எண்பது வயது உடம்பில் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ, நானும் இன்னொரு அம்மாளும் சேர்ந்துதான் விரிப்புக்குக் கொண்டுவந்தோம்.

"எவ்வளவு நேரம் நிக்க முடியுதுனு பாத்தேன்," என்றார். "முடியல."

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும். வீட்டுக்கு வந்து சோற்றுக்கற்றாழையைக் கீறி உள்ளங்காலில் தடவும்போது கொப்புளம் எழும்பியிருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"மொதல்ல வரைஞ்சப்ப தரைல ஒரு பக்கம் மண்ணு இருந்துது. பெரிய வட்டமா மண்ணு, அதுல ஒரு வேப்பமரம். அப்புறம் எடுத்துட்டேன்."

"மேல இருக்கறவங்க வேணாம்னுட்டாங்களா?"

"யாரும் சொல்லல. அவங்களுக்கு அதுல அக்கறையே இல்ல. தரை முழுக்க ஒரே வெள்ளை சிமெண்ட்டா, எங்கயும் வெட்டுப்படாம இருந்தா அழகா இருக்கும்னு எனக்குத் தோணிச்சு. ரப்பரை எடுத்து நானே அழிச்சேன்." உள்ளங்காலைத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தார். "யாராவது சொல்லியிருந்தா பழிய அவங்க தலைல போட்டிருப்பேன். எனக்கு அதுக்கும் வழியில்ல."

கற்றாழை கையில் வழவழத்தது. இத்தனை மாதம் நான் மேலே ஏறி ஏறி வந்து பேசிய பேச்செல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு யோசிக்க ஒன்றும் இருந்திருக்கவில்லை. மனசுக்குள் முடிவு செய்துவிட்டு அதைச் செய்யத் துணிச்சல் இல்லாமல் உட்கார்ந்திருந்தவருக்கு, நான் வாராவாரம் ஒரு சாக்கு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"ஜூவுக்குப் போலாம். என்னை இட்டுக்கிட்டுப் போறியா?" என்றார். அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கால் ஆறியதும் ஒரு கார் பேசிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். தம்பியையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். பூங்காவில் பள்ளி விடுமுறைக் கூட்டம். ஐஸ் வண்டிகளையும் பலூன்காரர்களையும் தாண்டி, ஒரு திருப்பத்தில் அது வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. அந்தக் கூரை கான்கிரீட் என்று தெரிந்தும் கனமே இல்லாததுபோல நின்றது. சுவரைத் தொட்டுக்கொண்டே சரிவில் ஏறினால், ஏறுவதே தெரியவில்லை. மாடியம்மாவின் மூட்டுக்குக்கூட வலிக்கவில்லை என்றார். இதைப் போய் இடிப்பதா என்று எனக்கு மறுபடியும் ஆசை கிளம்பியது. எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே அப்படி ஆசைப்பட்டேன்.

மேலே போய்ச் சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தோம். உள்ளே சுவரோரமாக அகழி. அதற்கு உள்பக்கம் வட்டத் தரை. அந்தத் தரையின் விளிம்பில், அகழியை ஒட்டி, கரடி நடந்துகொண்டிருந்தது. முடியெல்லாம் உதிர்ந்து அங்கங்கே தோல் தெரிந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, விளிம்பை விட்டு ஒரு சாண்கூட விலகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அது நடந்த இடம் மட்டும் தரையில் கறுத்துப் பளபளவென்று ஒரு வட்டமாக இருந்தது.

திருவண்ணாமலைக்காரி வாய் சும்மா இருக்குமா? "பாருங்கம்மா, இதுவும் கிரிவலம் போவுது," என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்ததும் எனக்கு ஏறிவிட்டது. "ஆனா இடமா சுத்துதே. வலமாதான சுத்தணும்? இது சாவுக்குச் சுத்தற சுத்தாச்சே," என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். எங்கள் ஊரில் எது சுற்றினாலும் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றுதான் முதலில் கண் போகும். வாயில் வந்துவிட்டது. மாடியம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபோதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தரையின் நடுவில், தூணைச் சுற்றி நல்ல நிழல். கரடியோ விளிம்பில் வெயிலிலேயே நடந்தது.

"நடுவுல அவ்ளோ நெழலு இருக்குது. ஏன் அங்க போவல?" என்று கேட்டேன். இந்த முறை மெதுவாக.

"நடுவுல படுத்தா சுத்தி நிக்கிற எல்லாரும் பாப்பாங்க. ஒளிஞ்சுக்க ஒரு மூலை கிடையாது. வட்டத்துல ஏது மூலை?" சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார். "எங்க நின்னாலும் நல்லா தெரியணும்னு வரைஞ்சேன். வந்து பாக்கிறவங்களை மட்டும் நினைச்சுக்கிட்டே வரைஞ்சிருக்கேன்."

தம்பி வந்து சேர்ந்தார். மாடியம்மாவின் முகத்தைப் பார்த்தே, சொல்லப்போவது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். போனை வெளியே எடுக்கவில்லை. மாடியம்மாதான், "எடுப்பா" என்றார். கரடியைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் பேசியது நாலு வரிகூட இருக்காது. இதை வரைந்தது நான். இடித்துவிடுங்கள். மண் போடுங்கள். அது இருக்கும்போதே போடுங்கள், சீக்கிரம் போடுங்கள்.

தம்பி போனை இறக்கினார். "உங்களோடதுனு இனிமே ஒண்ணுமே மிச்சம் இருக்காதும்மா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பரவால்லப்பா."

திரும்பி வரும்போது காரில் அவர் தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. தை மாதமே இதைச் சொல்லியிருக்கலாம். அந்தச் சித்திரை வெயிலை அந்தக் கரடி அந்தத் தரையில் நடந்தே கழித்ததற்கு நானும்தான் காரணம். ஒரு மிருகத்துக்காக இவ்வளவு வருந்த வேண்டுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டதால் ஒன்றும் குறையவில்லை.

இடிக்கிற வேலை ஆனியில் ஆரம்பித்தது. கரடியைப் பின்னாலிருந்த அறையில் அடைத்துவைத்து வேலை செய்தார்கள். தம்பி எங்கள்மேல் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர் இல்லை. வாராவாரம் போய்ப் பார்த்து எனக்குச் சொல்வார். சுவரில் பாதி போய்விட்டது, கூரை போய்விட்டது, அகழியை மூடிவிட்டார்கள், லாரியில் செம்மண் வந்திருக்கிறது, வேப்பங்கன்று நட்டாயிற்று. ஒவ்வொன்றையும் நான் மேலே ஓடிப்போய்ச் சொல்வேன். முன்பு எதற்கு எதிராக மாடியேறிப் பேசினேனோ அதற்கே இப்போது மாடியேறினேன். மாடியம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார். "அது இருக்கில்ல?"

"இருக்குதும்மா. சாப்புடுதாம்."

எனக்கு அந்தப் பயம் இருந்துகொண்டே இருந்தது. மண் வருவதற்குள் அது செத்துவிட்டால் இவர் முகத்தில் எப்படி விழிப்பது? கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கரடிக்காக வேண்டிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

ஐப்பசியில், நல்ல மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், தம்பி வீடியோ அனுப்பியிருந்தார். இன்றைக்குத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு வரி. நான் அதைத் தனியாகப் பார்க்கவில்லை. சேர்ந்து பார்க்கலாம் என்று, பாலை அப்படியே விட்டு அடுப்பை அணைத்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். "வெளிய வுட்டுட்டாங்கம்மா," என்று கீழேயிருந்தே குரல் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

பெரிய இடம். பழைய தரையைப்போல நாலைந்து மடங்கு இருக்கும். ஈரமான செம்மண், அங்கங்கே புல், ஒரு பக்கம் குட்டை, பெரிய மரத்துண்டுகள், ஒளிந்துகொள்ளப் புதர். அறைக் கதவு திறந்தது. கரடி தலையை நீட்டியது. வெகு நேரம் மண்ணை முகர்ந்தது. பிறகு ஒரு காலை வைத்தது, இன்னொன்றை வைத்தது. "வச்சிட்டுதும்மா, மண்ணுல வச்சிட்டுது," என்று அவர் தொடையைத் தட்டினேன்.

கரடி கொஞ்ச தூரம் நேராக வந்தது. நின்றது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

குட்டைப் பக்கம் போகவில்லை. புதர்ப் பக்கம் போகவில்லை. பாதி மைதானம்வரை வந்து, எதுவுமே இல்லாத ஓர் இடத்தில், எதையோ ஒட்டினாற்போல வளைந்தது. வளைந்து வளைந்து கிளம்பிய இடத்துக்கே வந்தது. நிற்காமல் மறுபடியும் அதே வழியில் போனது. வேப்பங்கன்று அதற்கு ஓரடி தள்ளித்தான் இருந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இப்போது விலகும், இப்போது விலகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வீடியோ முடிந்துவிட்டது.

"பயந்துக்கினு இருக்குதும்மா. புது எடமில்ல? ரெண்டு நாள் போனா சரியாயிடும்," என்றேன்.

"திரும்பப் போடு."

போட்டேன். அவர் விரலைத் திரைக்கு மேலே வைத்து, தொடாமல், கரடியோடு கூடவே நகர்த்திக்கொண்டு போனார். அது வளைந்த இடத்தில் அவர் விரலும் வளைந்தது. ஒரு சுற்று முழுசாக வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அகழி எங்க இருந்துதுனு எனக்கே மறந்துபோச்சு," என்றார். "அதுக்கு மறக்கல."